சிறு பள்ளியும் சிற்றூரும்: மைசூர் மாவட்டம் தரும் பாடங்கள்

சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் நிகழ்பவை செய்தித்தாள்களில் இடம் பெறுவதில்லை. இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், இருபத்தைந்து குழந்தைகள், ஒரு சமையலறை, ஒரு தண்ணீர்த் தொட்டி என்ற அளவில் அமைந்த அப்பள்ளியில் புதிய குழந்தை ஒன்று சேர்வதும், வேலை தேடிப் பெற்றோருடன் வெளியூர் சென்ற குழந்தை திரும்பி வருவதும், ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போவதும் அவ்வூருக்கு மட்டுமே செய்திகள் ஆகும். ஆயினும் இந்தச் சிறு செய்திகளின் கூட்டுத்தொகையே நாட்டின் தொடக்கக் கல்வியின் உண்மை நிலை. அரசின் திட்டங்களும் சட்டங்களும் கடைசியாக வந்து சேரும் இடம் இத்தகைய பள்ளிதான்.

சிறு பள்ளிகளை நடத்துவது எவ்வாறு என்ற வினாவுக்குக் கர்நாடக மாநிலத்தின் மைசூர் மாவட்டம் ஒரு விடையைக் கண்டறிந்தது. அது தலைநகரில் வகுக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்ட விடை அன்று. ஊர்ப்புற ஆசிரியர்களிடமிருந்து எழுந்து மாநிலம் முழுவதும் பரவியது. 'நலி-கலி' என்று பெயர் பெற்ற அம்முறையையும், அதைச் சூழ்ந்து வளர்ந்துள்ள பள்ளிச் சமுதாய வாழ்வையும், அவை எதிர்கொள்ளும் இடர்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கனவு, புதிய சட்டம்

மைசூர் நாட்டில் தொடக்கக் கல்வி பற்றிய சிந்தனை பழமையானது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், சர் எம். விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில், 1913-ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் கட்டாயக் கல்விக்கு வழிசெய்த சட்டம் அது. மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது 1916-இல். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே ஊர்ப்பள்ளியைப் பற்றிச் சட்டம் செய்யப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு, பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று கூறியது. அந்தப் பத்தாண்டு 1960-இல் முடிந்தது, இலக்கு எய்தப்படவில்லை. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த 'கரும்பலகைத் திட்டம்', ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் வேண்டும் என்று வரையறுத்தது. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அதனைச் செயற்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் போதும். வகுப்புகளோ ஐந்து. ஆகவே ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளைக் கவனிப்பது சிறு பள்ளியில் தற்காலிக ஏற்பாடு அன்று. அதுவே நிலையான இயல்பு.

நாற்பத்தெட்டு நிமிடங்கள்

இதன் பொருளைச் சிறு கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 பயிற்று மணிகளும் வேண்டும் என்பது சட்டம். நாளொன்றுக்கு நான்கு மணி, அதாவது 240 நிமிடங்கள். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் தனித்தனியே நடத்தினால் ஒவ்வொரு வகுப்புக்கும் கிடைப்பது 48 நிமிடங்கள். இரண்டு ஆசிரியர்கள் இருந்தால், இரண்டு வகுப்புகளை ஏற்பவர் வகுப்புக்கு 120 நிமிடங்களும், மூன்று வகுப்புகளை ஏற்பவர் 80 நிமிடங்களும் தர இயலும்.

எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் என்ன செய்வார்கள்? பழைய முறையில் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதுவார்கள். வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வார்கள். அல்லது சும்மா இருப்பார்கள். ஒரு நாள் வராத குழந்தை மறுநாள் பாடத்தைத் தொடர இயலாது. ஒரு மாதம் வராத குழந்தை பெரும்பாலும் பிறகு வருவதே இல்லை. இடைநிற்றல் என்று புள்ளிவிவரங்களில் குறிக்கப்படும் நிகழ்ச்சியின் தொடக்கம் இவ்வளவு எளியது.

எனவே ஆசிரியர் அருகில் இல்லாத நேரத்திலும் குழந்தை கற்றுக்கொண்டிருக்க வேண்டும். வராத நாட்களால் குழந்தை வகுப்பிலிருந்து அறுந்துபோகக் கூடாது. இவ்விரண்டு தேவைகளுக்கும் ஒருசேர வழி காண்பதே சிறு பள்ளியின் சிக்கல்.

ஹெக்கடதேவனகோட்டையில் தொடக்கம்

மைசூர் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஹெக்கடதேவனகோட்டை. சுருக்கமாக எச்.டி. கோட்டை என்பர். கபினி, நுகு, தாரகா, ஹெப்பள்ளா ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களைக் கொண்ட பகுதி இது. இங்கே தேங்கும் கபினி நீரே திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியுடன் கலந்து மேட்டூரை நோக்கி வருகிறது. நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகள் இதனை ஒட்டியுள்ளன. ஜேனு குறும்பர், காடு குறும்பர் முதலிய பழங்குடியினர் 'ஹாடி' எனப்படும் சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றனர். அணையின் நீர்ப்பரப்பும் காட்டுப் பாதுகாப்பும் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் இங்கிருந்து கூலிவேலைக்காகக் குடகுத் தோட்டங்களுக்குக் குடும்பத்துடன் செல்வோர் பலர். பெற்றோருடன் குழந்தைகளும் செல்வது வழக்கம்.

இவ்வட்டத்தில்தான் 1995-இல் யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன் புதிய முயற்சி தொடங்கியது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்குக்குச் சென்றனர். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனை வழியில் அமைந்த அந்நிறுவனத்தின் ஊரகக் கல்வி மையம், சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தி வந்தது. பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, குழந்தைகள் தத்தம் வேகத்தில் கற்கும் முறையை அங்கே பத்மநாப ராவ், ரமா ஆகியோர் உருவாக்கியிருந்தனர்.

கண்டு திரும்பிய ஆசிரியர்கள் அதனை அப்படியே பெயர்த்து எழுதவில்லை. தம் வட்டாரத்துக் குழந்தைகளுக்கு ஏற்ற பாடல்கள், கதைகள், விளையாட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துத் தாமே அட்டைகளை எழுதினர். வகுப்பறையில் பயன்படுத்திப் பார்த்துத் திருத்தினர். கர்நாடகக் கல்வித் துறையில் பொறுப்பு வகித்த ஆட்சிப் பணி அலுவலர் அனிதா கௌல் இம்முயற்சிக்கு ஊக்கமளித்தவர்களுள் ஒருவர். இவர் பின்னர் நடுவண் அரசின் கல்வித் துறையில் கல்வி உரிமைச் சட்டப் பணியிலும் பங்கு கொண்டார். செயல்கள், கண்டறிதல், ஆராய்தல் வழியே குழந்தை அச்சமின்றிக் கற்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 29-ஆவது பிரிவு கூறும்போது, இத்தகைய வகுப்பறைகளில் முன்பே நடந்துவந்த ஒன்றையே அது சட்டமொழியில் சொல்கிறது எனலாம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் 'நலி' என்றால் வாடுதல், மெலிதல் என்று பொருள். கன்னடத்தில் அதற்கு நேர்மாறாக மகிழ்ந்து ஆடுதல் என்று பொருள். 'கலி' என்பது நம் 'கல்' என்னும் வினையின் உடன்பிறப்பு. ஆகவே நலி-கலி என்பது 'மகிழ்ந்து கல்' என்ற ஏவல் ஆகும்.

வகுப்பறையின் அமைப்பு

நலி-கலி அறையில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகளின் குழந்தைகள் கலந்து அமர்கின்றனர். மேசை நாற்காலிகள் இல்லை. சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவரும் எழுதக் கரும்பலகை உண்டு. தலைக்கு மேலே கயிறுகளால் பின்னிய 'சப்பர'த்தில், அதாவது பந்தலில், குழந்தைகள் வரைந்தவையும் செய்தவையும் தொங்குகின்றன. காலையில் வந்ததும் குழந்தை தன் வருகையைத் தானே பதிவு செய்கிறது. வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வானிலை அட்டையில் குறிக்கிறது.

சுவரில் 'கற்றல் ஏணி' வரையப்பட்டிருக்கும். கன்னடம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய பாடங்களுக்குத் தனித்தனி ஏணிகள் உண்டு. பல படிகள் சேர்ந்தது ஒரு மைல்கல். ஒவ்வொரு படிக்கும் படக்குறியும் எண்ணும் கொண்ட அட்டை ஒன்று இருக்கிறது. குழந்தை ஏணியில் தன் இடத்தைக் கண்டு, அதே குறியுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எங்கே அமர வேண்டும் என்பதையும் அக்குறியே சொல்லிவிடுகிறது.

குழந்தைகள் ஐந்து குழுக்களாக அமர்கின்றனர். முதற்குழு ஆசிரியரின் முழு உதவியுடன் புதிய கருத்தைக் கற்பது; இரண்டாவது ஆசிரியரின் பகுதி உதவியுடன் பயில்வது; மூன்றாவது சக மாணவரின் முழு உதவியைப் பெறுவது; நான்காவது அவ்வுதவியைப் பகுதியாகப் பெறுவது; ஐந்தாவது தாமே கற்பது. ஒரு கருத்தை அறிந்து, பயின்று, தன்னை மதிப்பிட்டுக்கொள்ளும்போது குழந்தை இக்குழுக்களின் வழியே நகர்கிறது. ஆசிரியர் பெரும்பாலும் முதலிரு குழுக்களுடன் இருப்பதால், அவருடைய நேரம் அது மிகவும் தேவைப்படும் குழந்தைக்குச் செல்கிறது. முன்னர்க் கண்ட 48 நிமிடக் கணக்கை இம்முறை வெல்வது இவ்வாறுதான்: நேரத்தை வகுப்புவாரியாகப் பங்கிடாமல், தேவைவாரியாகப் பங்கிடுகிறது.

எழுத்துகளைக் கற்பிக்கும் வரிசையும் மாறியது. நெடுங்கணக்கின் முதலிலிருந்து தொடங்காமல், எழுத எளியனவும் அடிக்கடி வருவனவுமான ர, க³, ஸ, த³, அ என்ற கன்னட எழுத்துகளிலிருந்து குழந்தை தொடங்குகிறது. இந்த ஐந்தைக் கொண்டே 'சரம்' எனப் பொருள்படும் 'ஸர', 'அரசன்' எனப் பொருள்படும் 'அரஸ', 'ரம்பம்' எனப் பொருள்படும் 'கரகஸ' முதலிய சொற்களை எழுதிவிடலாம். ஐம்பதுக்கு அருகிலான எழுத்துகளையும் கற்று முடித்த பிறகே ஒரு சொல்லைப் படிப்பது என்ற நிலை மாறி, சில நாட்களிலேயே குழந்தை பொருளுள்ள சொல்லைப் படிக்கிறது. தமிழ் வாசகர்கள் இதை எளிதில் உணரலாம்: ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் ஆகியவற்றை எழுதலாம்.

இம்முறை படிப்படியாக மற்ற வட்டங்களுக்குப் பரவி, 2009-10 கல்வியாண்டில் மாநிலத்தின் கன்னட வழி அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலும் இதன் உறவினமே. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில், அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று தொடங்கிய அம்முறைக்கும் ரிஷி பள்ளத்தாக்கே ஊற்று. அது 2007-இல் மாநிலம் முழுவதும் சென்றது. ஒரு பள்ளத்தாக்கின் சிறு பள்ளிகளில் பிறந்த கருத்து ஒருபுறம் காட்டோரச் சிற்றூர்களிலும் மறுபுறம் பெருநகரின் குடிசைப் பகுதிகளிலும் வேர்கொண்டது வியப்புக்குரியது.

பள்ளியின் ஆண்டு

வகுப்பறைக்கு வெளியேயும் சிறு பள்ளிக்கு ஒரு வாழ்வு உண்டு. ஆண்டு, கோடை விடுமுறை முடிந்து ஜூன் தொடங்கும்போது 'சாலா பிராரம்போத்சவ' என்னும் பள்ளித் திறப்பு விழாவுடன் தொடங்குகிறது. தோரணம் கட்டிப் புதிய குழந்தைகளை வரவேற்கின்றனர். ஆசிரியர்கள் வீடுதோறும் சென்று சேர்க்கை வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுப்பதும் இக்காலத்தில்தான். ஓரிரு குழந்தைகள் கூடுவதும் குறைவதும் சிறு பள்ளிக்குப் பெரிய செய்தி. அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே ஆசிரியர் பணியிடம் நிற்கும்.

நாள்தோறும் காலை வழிபாட்டில், குவெம்பு இயற்றி 2004-இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட பாடல் ஒலிக்கிறது. ஒரு குழந்தை நாளிதழின் தலைப்புகளைப் படிக்கிறது. மற்றொன்று நாளுக்கொரு நல்ல கருத்தைச் சொல்கிறது. வீட்டில் கன்று ஈன்றதும், இரவில் யானை வயலில் இறங்கியதும் இங்கே உள்ளூர்ச் செய்திகளாக வருவதுண்டு. எழுத்தறிவு இல்லாத பெற்றோரின் குழந்தை கூட்டத்தின் முன் நின்று செய்தி சொல்லப் பழகுவது சிறிய பயிற்சி அன்று.

நண்பகலில் 'அட்சர தாசோஹ' உணவு. சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டதை ஒட்டி, கர்நாடகத்தில் 2002-இல் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கிய இத்திட்டம், மறு ஆண்டு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. 2013 ஆகஸ்டு முதல் 'க்ஷீர பாக்ய' திட்டத்தின்கீழ்ப் பாலும் வழங்கப்படுகிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிவாகத் தொடங்கிய மதிய உணவையும் 1982-இல் எம்.ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் வந்த சத்துணவையும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதன் பயனை விளக்க வேண்டுவதில்லை. சாதி வேறுபாடின்றி ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதும் கல்வியின் ஒரு பகுதியே.

தசரா விடுமுறைக்குப் பின் நவம்பர் முதல் நாள் மாநில உதயநாள் வருகிறது. 'பிரதிபா காரஞ்சி', அதாவது 'திறமை ஊற்று' என்னும் போட்டிகள் பள்ளித் தொகுப்பு நிலையில் தொடங்கி வட்டம், மாவட்டம், மாநிலம் என மேலே செல்கின்றன. கதை சொல்லல், ஒப்புவித்தல், களிமண் உருவம் செய்தல் போன்றவற்றில் சிற்றூர்க் குழந்தை முதன்முறையாகத் தன் ஊருக்கு வெளியே சென்று நிற்கிறது.

இவற்றுள் குறிப்பிடத்தக்கது 'மக்கள சந்தெ'. கன்னடத்தில் 'மக்கள' என்பது குழந்தைகளைக் குறிக்கும். நம் 'மக்கட்பேறு' என்னும் சொல்லிலும் அப்பொருளே உள்ளது. அன்று குழந்தைகள் வீட்டுத் தோட்டத்துக் கீரை, தேங்காய், அவரை, எலுமிச்சை ஆகியவற்றைக் கொணர்ந்து பள்ளி முற்றத்தில் கடை விரிக்கின்றனர். ஊரார் வாங்க வருகின்றனர். நிறுத்தல், முகத்தல், கூட்டல், சில்லறை தருதல், ஆதாயம், இழப்பு ஆகிய அனைத்தும் அங்கே பாடமாகின்றன. வாய்ப்பாடு ஒப்புவிக்கத் திணறும் குழந்தை அரைக் கிலோ அவரைக்குச் சரியாக விலை சொல்வதை அன்று ஆசிரியர் காண்கிறார். தம் குழந்தை கற்றது என்ன என்பதைப் பெற்றோரும் அன்றுதான் கண்ணால் காண்கின்றனர்.

ஊர் ஏற்கும் பொறுப்பு

பள்ளி அரசினுடையது என்ற எண்ணம் ஊரை விலகி நிற்கச் செய்தது. இதனை மாற்றும் நோக்குடன், அறிவியலாளர் இராஜா இராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001-இல் கர்நாடக அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் 'பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழு' அமைக்க ஆணையிட்டது. அக்குழுவில் பெற்றோருக்கே முதலிடம். பின்னர் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவும், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது.

குழு செய்யக்கூடியது யாது? பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்தல், உணவைக் கண்காணித்தல், ஆசிரியர் வருகையை உறுதி செய்தல், மானியச் செலவைப் பார்வையிடுதல் ஆகியவை அதன் கடமைகள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்த நெறிமுறைப்படி, 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாய். கூரை ஒழுகுவதும் குழாய் பழுதாவதும் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து நிகழ்வதில்லை. எனவே மிகச் சிறிய பள்ளிக்குத் தொகை விரைவில் தீர்ந்துவிடுகிறது. குறையை ஊர்தான் நிரப்ப வேண்டியுள்ளது.

குழந்தைகளின் குரலுக்கும் இடம் உண்டு. பள்ளிகளில் தேர்தல் நடத்தி மாணவர் நாடாளுமன்றம் அமைக்கின்றனர். உணவு, தூய்மை, நூலகம், தோட்டம் ஆகியவற்றுக்கு அமைச்சர்கள் உண்டு. இதற்கும் மேலாக, 2006 முதல் ஊராட்சிகள் குழந்தைகளுக்கான தனிக் கிராம சபையைக் கூட்ட வேண்டும் என்பது கர்நாடக அரசின் ஆணை. கழிவறைக்குத் தண்ணீர் இல்லை, சுற்றுச்சுவர் வேண்டும், வரும் வழியில் யானை நடமாட்டம் உள்ளது போன்ற குறைகளைக் குழந்தைகளே ஊராட்சித் தலைவர் முன் எழுந்து கேட்கலாம். பெண் குழந்தை ஐந்தாம் வகுப்புக்குப் பின் படிப்பாளா என்பது பல இடங்களில் பாடத்திட்டத்தைவிடக் கழிவறையையும் வழித்துணையையும் பொறுத்தது. ஆகவே இது விளையாட்டுச் சபை அன்று.

குறைகளும் இடர்களும்

நலி-கலியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. முதலாவது, பெருக்கத்தால் வந்தது. ஒரு வட்டத்தின் ஆசிரியர்கள் தாமே எழுதிய அட்டை அவர்களுடையது; மாநிலம் முழுமைக்கும் அச்சிட்டு அனுப்பப்பட்ட அட்டை அரசினுடையது. முன்னதைத் திருத்தும் துணிவு ஆசிரியருக்கு இருந்தது. பின்னதை அவர் வெறும் விதிமுறையாகக் கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டாவது, அட்டை தேயும், கிழியும், தொலையும். நடுவில் ஒரு படியின் அட்டை இல்லையென்றால் ஏணி அங்கேயே முறிகிறது. மூன்றாவது, நான்காம் வகுப்பில் குழந்தை மீண்டும் பாடநூலுக்கும் ஒரே சீரான வேகத்துக்கும் மாற வேண்டும், அம்மாற்றம் எளிதன்று. நான்காவது, பாடநூலும் வீட்டுப்பாடமும் கையில் இல்லாத கல்வியைப் பெற்றோர் ஐயுறுகின்றனர். ஆங்கில வழித் தனியார் பள்ளியின் வண்டி ஊருக்குள் வரும்போது அந்த ஐயம் முடிவாக மாறுகிறது.

இந்தக் கடைசி இடர்தான் சிறு பள்ளியின் உயிரைத் தொடுவது. வசதியுள்ளோரின் குழந்தைகள் விலகும்போது எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறைகிறது. ஆசிரியர் குறைந்தால் மேலும் சிலர் விலகுகின்றனர். இறுதியில் பள்ளியை அருகிலுள்ள பெரிய பள்ளியுடன் இணைக்கும் பேச்சு எழுகிறது. இணைப்புக்கு ஆதரவான காரணங்கள் பொய்யானவை அல்ல: பெரிய பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர், நூலகம், விளையாட்டிடம் ஆகியவை கிடைக்கும். ஆனால் அந்த நன்மையைப் பெறக் குழந்தை அங்கே போய்ச் சேர வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்ற சட்ட விதியின் கருத்து இதுவே. காட்டோர ஹாடியின் ஆறு வயதுக் குழந்தைக்கு மூன்று கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் உள்ள தொலைவு அன்று. கடைசியில் எஞ்சியிருக்கும் பத்துப் பதினைந்து குழந்தைகள் வேறு வழியில்லாத குடும்பங்களின் குழந்தைகள் என்பதையும் மறத்தல் ஆகாது.

காப்பித் தோட்டத்திலிருந்து திரும்பும் குழந்தையை எண்ணிப் பார்ப்போம். சில மாதங்களுக்குப் பின் வரும் அக்குழந்தையிடம், பாடநூல் முறை 'நீ பின்தங்கிவிட்டாய்' என்று சொல்கிறது. ஏணி முறையோ, 'நீ நின்ற படி இது. இங்கிருந்து ஏறு' என்று சொல்கிறது. பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்ட பள்ளியும், அட்டையைக் கையில் கொடுக்கும் பள்ளியும் ஒன்றல்ல. சட்டமும் இக்குழந்தையின் பக்கமே நிற்கிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9-ஆவது பிரிவு கூறுகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 5-ஆவது பிரிவும், வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 14-ஆவது பிரிவும் விதிக்கின்றன.

செய்யத்தக்கவை

மைசூர் மாவட்டத்தின் அனுபவத்திலிருந்து அலுவலர்கள் கொள்ளத்தக்க பாடங்கள் சில உள. கற்றல் அட்டைகளை ஆண்டுதோறும் சரிபார்த்துத் தேய்ந்தவற்றை ஜூன் மாதத்துக்கு முன்பே மாற்றித் தருவது சிறு செலவு. ஆனால் அதன்றி முழு முறையும் நிற்காது. பயிற்சி பெற்ற ஆசிரியரை மாற்றும்போது பயிற்சி பெற்றவரையே அவ்விடத்தில் அமர்த்துதல் வேண்டும். அட்டைகளில் வட்டாரச் சொற்களையும் பழங்குடியினரின் கதைகளையும் சேர்க்கும் உரிமையை ஆசிரியர்களுக்கு மீண்டும் அளித்தல் வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசும் குறும்பர் குழந்தைக்குப் பள்ளியின் கன்னடமும் புதிய மொழியே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அறுவடைப் பருவங்களில் வெளியூர் செல்லும் குழந்தைகளின் ஏணிநிலையைக் குறித்துக் கொடுத்தனுப்பினால், சேருமிடத்துப் பள்ளியில் அங்கிருந்தே தொடரலாம். இணைப்பு பற்றி முடிவெடுக்கும் முன் பெற்றோர் குழுவையும் குழந்தைகளின் கிராம சபையையும் கேட்பது முறையாகும்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சிறு பள்ளிகளைத் தொகுப்பாக்கி வளங்களைப் பகிர்ந்துகொள்ளும் 'பள்ளி வளாகம்' என்ற கருத்தை முன்வைக்கிறது. மூன்றாம் வகுப்புக்குள் ஒவ்வொரு குழந்தையும் எழுத்தும் எண்ணும் அறிய வேண்டும் என்ற இலக்குடன் நடுவண் அரசின் 'நிபுண் பாரத்' இயக்கம் 2021-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பெயர்கள் மாறினும், குழந்தையின் நிலையறிந்து கற்பிப்பது என்னும் அடிப்படை அவற்றிலும் தொடர்கிறது. ஹெக்கடதேவனகோட்டையின் ஆசிரியர்கள் 1995-இல் தொடங்கியதும் அதுவே.

ஒரு நாட்டின் கல்வியை அதன் பெரிய பல்கலைக்கழகங்களைக் கொண்டு அளப்பது வழக்கம். அந்த அளவுகோலோடு மற்றொன்றையும் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து ஊர் திரும்பும் கூலிக் குடும்பத்தின் குழந்தை, மறுநாள் காலை பள்ளிக்குச் சென்று, சுவரில் உள்ள ஏணியில் தன் படியைக் கண்டு, தன் அட்டையை எடுத்துக்கொண்டு அமர இயல்கிறதா? அதற்குப் பள்ளி அங்கே இருக்க வேண்டும். அட்டை கிழியாமல் இருக்க வேண்டும். பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். அக்குழந்தையை அறிந்த ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். இந்நான்கும் அமைந்த சிறு பள்ளி, அளவில் சிறியதாயினும் பணியில் சிறியதன்று.